களவு தேடி வந்த வினாக்கொத்துக்காரர்

கேள்வி கேட்பவர்களில் பல வகை உண்டு. பெண் பார்க்க வந்த இடத்தில் கேட்பவர்கள், காவலரணில் கேட்பவர்கள், பஸ்ஸில் பக்கத்தில் இருந்துகொண்டு சம்பளம் எவ்வளவு என்று கேட்பவர்கள் எல்லோரையும் நீங்கள் சந்தித்திருப்பீர்கள். இவர்களுக்கெல்லாம் கடைசித் தம்பியாக, போர்நிறுத்த ஒப்பந்தம் எழுதிப் பாதை திறந்த கையோடு, நமது தீவுகளில் ஒரு புது இனம் வந்து இறங்கியது. உள்ளகப் பயிற்சி ஆய்வு மாணவர் என்பது அதன் முழுப்பெயர். அவ்வளவையும் சொல்லி முடிக்க ஊருக்கு நேரமில்லை. வினாக்கொத்துக்காரர் என்று வைத்துவிட்டார்கள்.

குறிகட்டுவான் இறங்குதுறையில் படகு ஏறும்போதே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். கழுத்தில் படம் போட்ட அடையாள அட்டை தொங்கும். அது காற்றுக்குத் திரும்பிக்கொள்ளும், அவர் அதைத் திரும்பத் திரும்ப நேராக்குவார். நெஞ்சோடு அணைத்தபடி கேள்வி அச்சடித்த ஒரு கட்டுக் கடதாசி, அது நனையாமல் ஒரு பொலித்தீன் பை, அந்தப் பை நனையாமல் இன்னொரு பை, மூன்று நிறத்தில் பேனை, தொப்பி, தண்ணீர்ப் போத்தல், கடல் ஆடினால் மணப்பதற்கு அம்மா தந்துவிட்ட எலுமிச்சம்பழம் என்று சகல ஆயுதங்களோடும் அவர் வருவார். வயது இருபத்திரண்டு. தலையில் நாட்டின் நீதி பரிபாலனம் முழுவதும்.

இவர்களுக்கென்று சில மந்திரங்கள் இருக்கின்றன. "இது சும்மா ஒரு ஆய்வுதான்" என்பது முதலாவது. "உங்கட பெயர் வெளியிலை வராது" என்பது இரண்டாவது. சொல்லிவிட்டு முதல் கேள்வியாகப் பெயரைக் கேட்பார், அடுத்ததாகத் தகப்பன் பெயரைக் கேட்பார். "சரியான பதில், பிழையான பதில் எண்டு ஒண்டும் இல்லை" என்பது மூன்றாவது. நீங்கள் பிழையான பதிலைச் சொல்லிப் பாருங்கள். அதே கேள்வியை இன்னொரு முறை கொஞ்சம் சத்தமாகக் கேட்பார்.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு ஆனி மாதத்தில் நெடுந்தீவுக்கு வந்து இறங்கிய வினாக்கொத்துக்காரருக்குப் பெயர் றெக்ஷன். யாழ்ப்பாணப் பட்டினத்துப் பிள்ளை, பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். கொழும்பில் ஓர் ஆய்வு நிலையம் குற்றவியல் நீதி பற்றிப் பெரிய ஆராய்ச்சி ஒன்று நடத்த, அதில் மூன்று கிழமை உள்ளகப் பயிற்சிக்கு இவரைப் பிடித்து, ஐம்பது வினாக்கொத்தைக் கையில் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். ஐம்பதில் குறைந்தது பத்து, குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுடையதாக இருக்கவேண்டும். இருந்தால் பயிற்சிச் சான்றிதழ். சான்றிதழ் இல்லாவிட்டால் மூன்றாம் வருடத்துக்கு ஏற ஏலாது. கூடப் படித்தவர்கள் எல்லோரும் மேலே போக, இவர் கீழ் வகுப்புப் பிள்ளைகளோடு முன்வாங்கில் இருக்கவேண்டும். அவருடைய நிலைமையை நினைத்தால் நமக்கும் பாவமாகத்தான் இருக்கிறது.

தங்கியது தாயின் சொந்தக்காரரான பஸ்ரியாம்பிள்ளை வீட்டில். பஸ்ரியாம்பிள்ளை படகில் வேலை செய்கிறவர், அதிகம் பேசாதவர். முதல் நாள் இரவுச் சாப்பாட்டின்போது, என்ன படிக்கிறீர் என்று கேட்டார். குற்றத்தைப் பற்றி என்றார் றெக்ஷன். "அதுக்கு ஏன் இஞ்சை வந்தனீர்?" என்று கேட்டுவிட்டு அவர் இன்னொரு கரண்டி சொதி விட்டுக்கொண்டார்.

அது எவ்வளவு நல்ல கேள்வி என்பது நாலு நாளில் தெரிந்தது. வினாக்கொத்தின் ஏழாவது கேள்வி, கடந்த பன்னிரண்டு மாதங்களில் உங்களுடைய உடைமை எதுவும் களவு போனதா என்பது. ஆம் என்றால் எட்டாவது கேள்வியிலிருந்து நாற்பதாவது வரை ஒரு பெரிய விசாரணை இருக்கிறது: எப்போது, எங்கே, யாரில் சந்தேகம், முறைப்பாடு செய்தீர்களா, நித்திரை வருகிறதா. இல்லை என்றால் நேரே கடைசிப் பக்கத்துக்குப் போய், வீட்டுக்கூரை ஓடா ஓலையா என்று கேட்டுவிட்டு எழும்பவேண்டியதுதான். றெக்ஷன் போன வீடெல்லாம் எழும்பவேண்டியதாகவே இருந்தது. எல்லோரும் கதிரை போட்டார்கள், தேத்தண்ணி கொடுத்தார்கள், இல்லை என்றார்கள். ஒரு நாளைக்கு நாலு தேத்தண்ணி, நாலு இல்லை.

கமலாதேவி வீட்டில்தான் முதன்முதலாகக் கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தது. கமலாதேவிக்கு ஆறு ஆடு, ஒரு தையல் மெசின், நிறையக் கதை. கதையோடு கதையாக, சைக்கிள் இல்லாதபடியால் கடைக்கு நடந்துதான் போகிறேன் என்றாள்.

"சைக்கிள் எங்கை அக்கா?"

"ஆரோ கொண்டு போனவை. இன்னும் கொண்டு வரேல்லை."

"எப்ப கொண்டு போனவை?"

"இந்த மாரியோடை ரெண்டு வரியம்."

றெக்ஷன் கதிரையை முன்னுக்கு இழுத்தார். ஆம் என்ற கட்டத்தின்மேல் பேனையை வைத்துக்கொண்டு, அப்படியென்றால் அது களவுதானே அக்கா என்று கேட்டார். கமலாதேவி முகத்தைச் சுளித்தாள். களவு என்றால் கள்ளன் வேண்டுமே, இந்தத் தீவில் கள்ளன் எங்கே இருக்கிறான், கொண்டுபோன ஆளுக்கு என்ன கரைச்சலோ தெரியாது, அவசரப்படுத்தக் கூடாது என்று அவருக்கே புத்தி சொல்லி அனுப்பினாள். தவிரவும் பன்னிரண்டு மாதமும் தாண்டிவிட்டது. றெக்ஷன் இல்லை என்று அடையாளம் போட்டார்.

முதற்கிழமை முடியத் தபாற்கந்தோருக்குப் போய்க் கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தார். மேற்பார்வையாளர் றஞ்சனி மிஸ் இருபது வருட அனுபவசாலி. பதினொரு ஆய்வறிக்கை எழுதியவர், நெடுந்தீவைப் படத்தில் பார்த்தவர். களவு இல்லாத ஊர் உலகத்திலேயே இல்லை, சனம் பயத்தில் மறைக்கிறது, நீர்தான் தோண்டிக் கேட்கவேண்டும் என்றார். அதோடு றெக்ஷனுடைய பார்வையே மாறிப்போனது. பூட்டாத வீட்டைக் கண்டால் ஆசையோடு பார்த்தார். யாராவது தேங்காய் கொண்டு போனால் யாருடைய தேங்காய் என்று விசாரித்தார். நல்ல பிள்ளை, எறும்புக்கும் தீங்கு நினைக்காத பிள்ளை, படுக்கப் போகும்போது ஒரு களவாவது நடக்கவேண்டும் என்று மாதாவைக் கும்பிட்டுவிட்டுப் படுத்தது. படிப்பு ஒரு மனிதனை எங்கெல்லாம் கொண்டுபோய் விடுகிறது, பாருங்கள்.

மாதா இரங்கினார். பன்னிரண்டாம் நாள் காலையில் கிறேசம்மாவின் சிவத்தப் பசு காணாமல் போய்விட்டது.

கிறேசம்மா ஐம்பது வயதுப் பெண். புருஷன் கடலோடு போனபிறகு நாலு மாட்டை வைத்து இரண்டு மகள்மாரைக் கட்டிக்கொடுத்தவள். நாலில் இப்போது கறப்பது சிவத்தப் பசு ஒன்றுதான். கன்று போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. கன்று கொட்டிலில் நின்று கத்துகிற சத்தம் அந்தோனியார் சந்தி வரைக்கும் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டு ஊரில் எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். ஒருவருக்கு மட்டும் வயிற்றில் பால் வார்த்தது. றெக்ஷன் தொப்பியை மறந்துவிட்டு, மூன்று பேனையும் எடுத்துக்கொண்டு ஓடினார்.

ஏழாவது கேள்விக்கு ஆம். எட்டு, ஒன்பது, பத்து என்று பேனை பறந்தது. மாட்டின் நிறம் என்ன, குறி என்ன, கடைசியாகக் கண்டது எப்போது. எல்லாவற்றுக்கும் கிறேசம்மா கன்றைத் தடவிக்கொண்டே பதில் சொன்னாள். பதினெட்டாவது கேள்வியில்தான் வண்டி நின்றது.

"ஆரிலையும் சந்தேகம் இருக்கோ அக்கா?"

"சந்தேகம் ஏன் தம்பி? எனக்குத் தெரியும்."

"தெரியுமோ? ஆர் ஆள்?"

"அது கேக்கிறேல்லை" என்றாள் கிறேசம்மா, கோபமில்லாமல். "மாடு மாறிச் சாய்ஞ்சிட்டுது. அந்தோனியாரிட்டைச் சொல்லியாச்சு. மூண்டு நாள் பொறும்."

பொறுப்பதற்கு வினாக்கொத்தில் கட்டம் இல்லை. சந்தேக நபரைத் தெரியும், ஆனால் அச்சத்தால் பெயர் சொல்ல மறுக்கிறார் என்று ஓரத்தில் எழுதி, மிச்சக் கேள்விகளையும் கேட்டு முடித்துக்கொண்டு அவர் எழும்பினார். இனி அயலவர்களைப் பிடித்து, களவு பற்றி அவர்கள் கண்டதையும் கேட்டதையும் எழுதினால், ஒன்று பத்தாகிவிடும் என்பது அவருடைய கணக்கு.

இந்த இடத்தில் நீங்கள் ஒரு சங்கதி தெரிந்துகொள்ளவேண்டும். றெக்ஷனுக்கு அது தெரியாது. அந்தப் பக்கத்து மாடுகள் தரவைப் புல்வெளியில் கட்டாக்காலியாக மேயும். பின்னேரத்தில் வீட்டுக்கு ஓட்டிச் சாய்த்துக்கொண்டு வரும்போது ஒருவருடைய பசு இன்னொருவருடைய பட்டியோடு சேர்ந்து போய்விடுவது உண்டு. மறதியாகவும் போகும், ஞாபகமாகவும் போகும். அப்படிப் போனால் பசுவின் சொந்தக்காரர் மாட்டுக் கயிற்றைக் கொண்டுபோய், சந்தியில் இருக்கிற அந்தோனியார் சுரூபத்துக் கம்பிவேலியில் தொங்கவிடுவார். வேதக்காரரும் தொங்கவிடுவார்கள், சைவக்காரரும் தொங்கவிடுவார்கள். மூன்று நாளைக்கு யாரும் அந்த மாட்டைப் பற்றிக் கதைப்பதில்லை, தேவையில்லாமல் அந்தச் சந்தியில் நிற்பதுமில்லை. ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கயிறு காணாமல் போகும். மறுநாள் அந்தக் கயிற்றோடேயே மாடு வீட்டு வாசற் படலையில் கட்டியிருக்கும். யார் கட்டியது என்று ஒருவரும் கேட்பதில்லை. பொலிஸ் என்றும் வழக்கு என்றும் போனால், கடல் தாண்டி ஊர்காவற்றுறைக் கோட்டுக்குத் தவணை தவணையாக அலையவேண்டும். அது முடிவதற்குள் கன்று தானே கன்று போட்டுவிடும்.

இதெல்லாம் தெரியாத றெக்ஷன், ஆட்கள் அதிகம் போய்வருகிற இடம் எது என்று ஆராய்ந்து பார்த்தார். வேம்பு நிழல், நாலு பாதை கூடும் இடம், பக்கத்தில் கிணறு. பஸ்ரியாம்பிள்ளை வீட்டுக் கதிரையைத் தலையில் தூக்கிக்கொண்டுபோய் அந்தோனியார் சந்தியில், சரியாகக் கயிறு தொங்கிய கம்பிவேலிக்கு ஒரு முழம் தள்ளிப் போட்டு, அடையாள அட்டையை நேராக்கிக்கொண்டு இருந்துவிட்டார்.

காலை ஏழு மணிக்கு இருந்தவர் பொழுதுபட்டுத்தான் எழும்பினார். அடுத்த நாளும் அப்படி. அதற்கடுத்த நாளும் அப்படி. ஆய்வில் இவ்வளவு சிரத்தை உள்ள மாணவரை எந்த மேற்பார்வையாளரும் கண்டிருக்கமாட்டார். ஒரு குஞ்சு குருமான்கூட அந்தப் பக்கம் வரவில்லை. தூரத்தில் சைக்கிளில் வருகிறவர்கள் ஆளைக் கண்டதும் திரும்பி, கல்வேலிக்கு மேலால் சைக்கிளைத் தூக்கிப்போட்டுச் சுற்றுப்பாதையால் போனார்கள். தண்ணீர் அள்ள வந்த பெண்கள் குடத்தோடு மற்றக் கிணற்றுக்குப் போனார்கள். கோட்டால் ஓர் ஆள் வந்திருக்கிறதாம், இரவிலும் எங்கேயோ மறைந்து நிற்கிறதாம், கயிற்றை எடுக்க வருகிறவருடைய பெயரை எழுத இருக்கிறதாம் என்று இரண்டாம் நாளே தீவு முழுக்கக் கதை போய்விட்டது. ஆனாலும் வந்த பிள்ளையை எழும்பு என்று சொல்லலாமா? அது மரியாதையில்லை. ஒருவரும் சொல்லவில்லை.

நமது ஆய்வாளர் சும்மா இருந்தாரா? இல்லை. வெறுமையான சந்தியைப் பார்த்து மூன்று பக்கம் எழுதினார். குற்றச்செயலின் பின்னர் மக்கள் வீதிக்கு வர அஞ்சுகின்றனர், பொதுக் கிணற்றின் பாவனை குறைந்துள்ளது, சமூகத்தில் ஆழ்ந்த பீதி நிலவுகிறது. எல்லாம் கண்ணால் கண்ட உண்மை. தான் கதிரையில் இருப்பதை மட்டும் அவர் எழுதவில்லை.

மூன்றாம் நாள் பின்னேரம் கிறேசம்மா கன்றைச் சாய்த்துக்கொண்டு சந்திக்கு வந்தாள். கன்றுக்கு விலா எலும்பு தெரிந்தது. அயலட்டையில் ஆட்டுப்பால் வாங்கிப் போத்தலில் பருக்கிப் பார்த்தாளாம், குடிக்கவில்லை. றெக்ஷன் எழும்பிக் கதிரையைக் கொடுத்தார். அவள் இருக்கவில்லை. வேலியில் தொங்கிய கயிற்றைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு, தொங்குகிற கயிறு என்ன, யார் எடுக்கிறது, ஏன் மூன்று நாளாக ஒருவரும் எடுக்கவில்லை என்பதை அமைதியாகச் சொன்னாள். பிழை சொல்கிற குரல் இல்லை. தெரியாத பிள்ளைக்குப் பாதை காட்டுகிற குரல். 

றெக்ஷனுக்குக் காது சுட்டது. கையில் இருந்தது கிறேசம்மாவின் வினாக்கொத்து. ஐம்பதிலும் ஆம் என்று விழுந்த ஒரே ஒரு வினாக்கொத்து அதுதான். முப்பத்துமூன்று கேள்விக்கும் அழகான கையெழுத்தில் பதில். அதையும் கொடுத்துவிட்டால் மூன்றாம் வருடம் என்பது படகு போனபிறகு பார்க்கிற கடல்தான். பழக்க தோஷத்தில் ஏழாவது கேள்வியையே திரும்பவும் கேட்டார்.

"அப்ப அக்கா, உங்கட மாடு களவு போனதோ, இல்லையோ?"

"நீர் நிண்டால் களவு" என்றாள் கிறேசம்மா. "போனால் இல்லை. எதைப் போடப் போறீர்?"

கன்று அவருடைய அடையாள அட்டையின் நாடாவை முலைக்காம்பு என்று நினைத்து வாயில் போட்டுச் சப்பியது. அவர் அதை இழுக்கவில்லை.  பிறகு சிவப்புப் பேனையை எடுத்து, ஆம் என்பதை வெட்டி, இல்லை என்பதில் பெரிதாக ஒரு அடையாளம் போட்டு, முப்பத்துமூன்று பதிலுக்கும் குறுக்கே கோடு இழுத்து அவளிடம் காட்டினார். கிறேசம்மாவுக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஆனால் வெட்டினது விளங்கியது. அவள் தலையை ஆட்டினாள்.

அடுத்த நாள் காலைப் படகுக்கு, இன்னும் ஐந்து நாள் இருக்கும்போதே, றெக்ஷன் வெளிக்கிட்டார். அதுவும் சும்மா வெளிக்கிடவில்லை. கண்ட இடமெல்லாம் நின்று, நான் போறன், அலுவல் முடிஞ்சுது, ஒரு களவுமில்லை, சந்தோஷம் என்று நாலு வீதியும் கேட்கச் சொல்லிக்கொண்டு இறங்குதுறைக்குப் போனார். கமலாதேவி ஒரு பொட்டலம் பனங்கிழங்குப் புழுக்கொடியல் கொடுத்து அனுப்பினாள். பஸ்ரியாம்பிள்ளை அவருடைய பையைத் தானே தூக்கிப் படகில் வைத்தார். அவர் அப்படி வேறு யாருக்கும் செய்ததை ஒருவரும் கண்டதில்லை.

படகு குறிகட்டுவானில் கட்டுவதற்கு முன்னமே சிவத்தப் பசு கிறேசம்மா வீட்டுப் படலையில் நின்றதாம். பக்கத்தில் அது தின்னப் பூவரசங்குழை ஒரு கட்டு வேறு. பஸ்ரியாம்பிள்ளை பின்னேரம் வீட்டுக்குப் போகிற வழியில் பார்த்துவிட்டு, அடுத்த நாள் அக்கரையிலிருந்து தன் செலவில் தொலைபேசி எடுத்து, "கண்டு பால் குடிக்குது" என்று மூன்று சொல் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். றெக்ஷன் தொலைபேசியைப் பிடித்தபடி கண்கலங்கிவிட்டார். குற்றவியல் மாணவர் ஒருவர் குற்றவாளி தப்பியதற்காக இவ்வளவு சந்தோஷப்பட்டது அதுவே முதற்தடவையாக இருக்கும்.

கொழும்பில் றஞ்சனி மிஸ் ஐம்பது வினாக்கொத்தையும் புரட்டினார். இல்லை, இல்லை, இல்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நீர் ஒரு வீட்டுக்கும் போகேல்லை. அறைக்குள்ளை இருந்து நிரப்பினீர், அப்பிடித்தானே?"

றெக்ஷன் முழுக் கதையையும் சொன்னார். கயிறு, கதிரை, கன்று எல்லாம் சொன்னார். மிஸ் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடிய, "அப்ப நிரப்பினது நீர்தான்" என்றார். இருபது வருட அனுபவம் என்றால் சும்மாவா? பதிலை முடிவுசெய்துவிட்டுக் கேள்வி கேட்கிற மிஸ்ஸின் முகத்தில் தன்னுடைய முகத்தைக் கண்டு நமது ஆளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்குத் தண்டனையாக இன்னொரு மூன்று கிழமை காரைநகரில் என்று தீர்ப்பாயிற்று. அது சரிவந்தால் சான்றிதழ்.

காரைநகரில் அவர் கதிரை தூக்கவில்லை. பேனையை மூடிச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, இந்த வரியம் என்னம்மா நடந்தது என்று மட்டும் கேட்டாராம். சனம் சொல்லத் தொடங்கியது; நிற்பாட்டுவதுதான் கரைச்சலாக இருந்தது. வினாக்கொத்துக்குள் அடங்காமல் நாலு கொப்பி நிறைந்தது. சான்றிதழும் வந்தது. வினாக்கொத்துக்காரர் என்ற இனத்திலிருந்து தப்பி மனிதரானவர்கள் மிகக் கொஞ்சப் பேர். அவர்களில் இவர் ஒருவர்.

மற்றவர்கள் எங்கே என்கிறீர்களா? எல்லோரும் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு திரிவார்கள் என்று நினைக்கவேண்டாம். மகன் சோதனை எழுதிவிட்டு வர, "நல்லாச் செய்தனிதானே?" என்று படலையிலேயே கேட்டவர் யார்? சமைத்து வைத்துவிட்டு நிற்கிற மனுசியிடம், "களைப்பொண்டும் இல்லையே?" என்று தொலைக்காட்சியைப் பார்த்தபடி கேட்டவர் யார்? போன ஞாயிற்றுக்கிழமை ஊரில் தனிய இருக்கிற அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தீர்கள். "இப்ப இருமல் இல்லைத்தானே அம்மா?" என்று கேட்டீர்கள். இல்லை என்றார். உங்களுக்கும் நிம்மதியாகப் போய்விட்டது, வைத்துவிட்டீர்கள். அவர் அதை இருமிக்கொண்டுதான் சொன்னார்.